நான்கு துளைகள்

வெர்னா கடைக் காபியைக் குடித்துப் பழகியவன் வேறெந்தக் காபியையும் குறை சொல்ல மாட்டான், ஷெரிஃப். அதனால் இதற்காக நீங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை, நன்றாகவே இருக்கிறது. சர்க்கரை மட்டும் இன்னும் ஒரு கரண்டி. பல் வைத்தியன் சர்க்கரை கேட்கிறானே என்று பார்க்காதீர்கள். இந்த ஊர் சர்க்கரை தின்றதால்தான் நான் வீடு கட்டினேன். அந்த நன்றி எனக்கு உண்டு.

சிவப்பு விளக்கு எரிகிறது. கருவி ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். என் பெயர் எல்வுட் ப்ரூயிட். ஊரில் டாக் என்றால் நான்தான். எல்க் மான் வேட்டையில் என் குண்டு பட்டு டாரில் ஓஸ்ட்பி இறந்ததைப் பற்றி அந்த ஞாயிற்றுக்கிழமையே உங்களிடம் சொல்லிவிட்டேன். விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. சிலவற்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். பல்லைப் பிடுங்கும்போது இடுக்கியை நோயாளியின் கண்ணில் படாமல்தானே கொண்டுபோவோம், அந்த மாதிரி. இன்று அதையும் சொல்லிவிடலாம் என்று வந்தேன். அவசரமில்லை என்றால் முதலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெர்னாவின் துப்பாக்கிக் கடை உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தோட்டா வாங்க வருவீர்கள், வாங்கியதும் போய்விடுவீர்கள். சனிக்கிழமைக் காலைகளில் இரும்புக் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எங்களை ஓரக்கண்ணால் பார்த்திருப்பீர்கள். நாங்கள் எதையும் வாங்குவதில்லை, பார்க்க வருகிறவர்கள். பழைய துப்பாக்கி ஏதாவது வந்தால் வெர்னா அதைப் பச்சைக் கம்பளி விரித்த மேசை மேல் வைப்பாள். ஒருவன் எடுப்பான். பின்பக்கத் தாழ் மாதிரி இருக்கிற போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலி என்று தானும் பார்த்து அடுத்தவனுக்கும் காட்டி, திறந்தபடியே கைமாற்றுவான். கையில் வாங்குகிறவன் நன்றி சொல்ல வேண்டும். பார்த்து முடித்ததும் தன் விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும்; விரலில் உப்பு இருக்கிறதே. தேவாலயத்துக்குள் தொப்பியைக் கழற்ற மறக்கிற ஓரின் கூட அந்தத் துணியை மறந்ததில்லை. ஓரின் மாட்டுப் பண்ணைக்காரன். குளிப்பதைத்தான் மறப்பான்.

எங்களுக்குள் ஒரு சொல் உண்டு: நேர்மையான துப்பாக்கி. புதிது என்று அர்த்தமில்லை. தேய்ந்திருக்கலாம், கீறல் விழுந்திருக்கலாம், முள்கம்பி வேலி தாண்டும்போது பட்ட தழும்பு இருக்கலாம். அதெல்லாம் உழைத்து வந்ததாக இருக்க வேண்டும். யாரும் அதற்கு மறுபடி சாயம் ஏற்றியிருக்கக் கூடாது, மரத்தை உரசிப் பளபளப்பாக்கியிருக்கக் கூடாது, செய்தவன் போடாத துளையை இன்னொருவன் போட்டிருக்கக் கூடாது. செய்தவன் கையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே கிழடாகியிருக்க வேண்டும். மனிதர்களில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலானவர்களுக்கு நானே துளை போட்டிருக்கிறேன்.

அப்படியொரு துப்பாக்கி ஹால்வரிடம் இருந்தது. ஹால்வர் என் நண்பர், டாரிலின் மனைவி மார்னியின் அப்பா. போருக்கு முன்னால் தீல்கே என்று ஒரு ஜெர்மன்காரர் ஆற்றங்கரையில் கொட்டகை போட்டு, தையற்காரர் மாதிரி ஆளை அளந்து துப்பாக்கி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஹால்வரின் தகப்பனார் ஒரு கோடை முழுக்க அவருக்கு விறகு பிளந்து போட்டு அதை வாங்கினாராம். நீங்கள் அதைக் கையில் எடுத்திருக்கிறீர்கள், ஷெரிஃப். ஆனால் பார்த்திருக்க மாட்டீர்கள். தேன் நிற வால்நட் மரக்கட்டை. கன்னம் பதிகிற இடத்திலிருந்து தோளில் பதிகிற நுனிவரை புகை ஓடினாற்போல் ஒரு கறுப்பு நரம்பு. மரத்தின் போக்கைக் கேட்டுவிட்டுத்தான் மனிதர் வளைவையே வெட்டியிருக்கிறார். திருகாணித் தலைகளில் உள்ள கீற்றெல்லாம் குழலின் திசையில் நிற்கும், ஒன்றுகூடக் குறுக்கே திரும்பி நிற்காது. தூக்கிச் செல்லும்போது கை பிடிக்கிற இடத்தில் எஃகின் நீலப்பூச்சு தேய்ந்து வெள்ளி தெரியும். அது ஹால்வரின் கை. அவர் அப்பாவின் கை. மேலே, தோட்டா அறையின் கூரை, முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று, ஒரு துளை இல்லாமல். அந்த வயதில் துளையில்லாத ஒரு வாயைக் காட்டுங்கள், நான் தொழிலை விட்டுவிடுகிறேன்.

நான் அதில் சுட்டதே இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்ததோடு சரி. என் மனைவி என்னை விட்டுப் போன குளிர்காலத்தில் ஹால்வர் சனிக்கிழமை தவறாமல் அதைக் கடைக்குக் கொண்டுவருவார். எனக்காகத்தான் கொண்டுவந்தார் என்பது பின்னால் புரிந்தது. ஒன்றும் பேச மாட்டார். போல்ட்டைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு வெர்னாவின் காபியைக் குடிக்கப் போவார். அது ஒரு தியாகம்.

என் வேட்டைத் திறமையைப் பற்றி நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு பருவமும் உரிமச்சீட்டு வாங்கி ஒரு மானைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத ஒரே ஆள் நான். "டாக் துப்பாக்கிய எடுத்தா மானெல்லாம் ஓடி வந்து அவர் முன்னாடி நின்னுக்கும்," என்று ஓரின் சொல்வான். "அதவிடப் பத்திரமான எடம் மலையில கெடையாது." இதை அவன் எத்தனை முறை சொன்னாலும் கடை சிரிக்கும். நானே இரண்டொரு முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வசந்தத்தில் ஹால்வர் இறந்தார். துப்பாக்கி மார்னிக்கு வந்தது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை டாரில் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன், கதவை அடைக்கிற உருவம், நல்ல பையன். போல்ட்டைத் திறந்து மேசையில் வைத்தான், முறையாகத்தான்.

"வெர்னா, இதுல தொலைநோக்கி மாட்டணும். அப்புறம் கட்டையில ஒரு அங்குலம் அறுத்துடு. மார்னிக்குக் கை நீளம் பத்தல."

வெர்னா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனிடம் சொன்னாள். "டாக் இல்லாத நாளாப் பாத்து இதச் சொல்லக் கூடாதாடா?"

"ஏன், மயக்கம் போட்டுருவாரா?"

"மயக்கம் போட்டாக்கூடத் தேவல," என்றான் ஓரின். "போன வருஷம் ஒருத்தன் பழைய கட்டைக்கு வார்னிஷ் அடிச்சு எடுத்துட்டு வந்தான். டாக் அவனுக்கு ஊசி போடாமலே பல்லப் புடுங்கிட்டார்."

"அது வதந்தி," என்றேன். "பாதி ஊசி போட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் டாரிலிடம் பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன். தொலைநோக்கி மாட்ட வேண்டுமானால் அந்த வழுவழுப்பான கூரையில் நான்கு துளை போட்டு மரை வெட்ட வேண்டும். போட்டால் போட்டதுதான். அடைத்தாலும் தெரியும், அடைத்ததே ஒரு பொய் மாதிரி தெரியும். மரத்தை அறுத்தால் அந்தக் கறுப்பு நரம்பின் வால் போய்விடும்.

"அவளுக்கு முன்னாடி இருக்கற குறிமுள்ளு ரெண்டாத் தெரியுது டாக்," என்றான் டாரில். "ஆறு மாசமாக் கண்ணு மோசம். முள்ளு எது, மானு எதுன்னே தெரியல. தொலைநோக்கி இருந்தாச் சமாளிச்சுருவா. இந்தப் பருவத்துல அப்பா துப்பாக்கியோட மலை ஏறணும்கறா. நான் என்ன செய்ய?"

"அவளுக்கு வேற துப்பாக்கி நான் வாங்கித் தரேன். தொலைநோக்கியோட. இது அலமாரியில அப்படியே இருக்கட்டும்."

"வேற துப்பாக்கி குடுத்துருவீங்க. வேற அப்பாவும் வாங்கித் தருவீங்களா?"

என் முகத்தில் அவன் எதையோ பார்த்திருக்க வேண்டும். தோளில் தட்டினான்.

"மரத்தத்தான் டாக் அறுக்கப் போறேன், மாமனார இல்ல. என் வாயில நீங்க மூணு துளை போட்டீங்க. நான் அழுதேனா?"

"அழுத."

"சரி. ஒண்ணுக்கு அழுதேன்."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிப்பதில் நான் யாருக்கும் பின்தங்கியதில்லை. வெர்னா ஒரு அட்டைச் சீட்டை எடுத்து, தொலைநோக்கிக்கு நாலு துளை, கட்டையில் ஓர் அங்குலம் என்று எழுதி விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் நூலால் கட்டினாள். பருவம் தொடங்குகிற நேரம், கையில் வேலை குவிந்திருந்தது. திறப்பு வாரம் முடிந்த திங்கட்கிழமை செய்து தருகிறேன் என்றாள். டாரில் துப்பாக்கியை மறுபடி எடுத்துக்கொண்டான்.

"அதுக்கு முந்தின நாள் ஒரு தடவ அப்படியே மலைக்குத் தூக்கிட்டுப் போறேன், மாமனார் தூக்கின மாதிரியே. நீங்களும் வாங்க டாக். வழியனுப்பி வெச்ச மாதிரி ஆச்சு."

வருகிறேன் என்றேன். மானெல்லாம் சந்தோஷப்படும் என்றான் ஓரின்.

நான் அவசரக்காரன் இல்லை என்பதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆடுகிற பல்லைக்கூட உடனே பிடுங்கிவிட மாட்டேன். காப்பாற்ற வேறு வழி உண்டா என்று கடைசிவரை பார்ப்பேன். அந்த வாரம் மார்னியைப் போய்ப் பார்த்தேன். ஆப்பிள் பணியாரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அவள் என்னை உட்காரவைத்து நான் சொன்னதையெல்லாம் கேட்டாள், பதிலும் சொன்னாள். "அப்பா கன்னம் வெச்ச எடத்துல நானும் கன்னம் வைக்கணும் டாக். இப்ப எட்டல. ஒரு அங்குலம் கொறஞ்சா என் கன்னம் சரியா அங்க வருது. நானே அளந்து பாத்தேன்." அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் தீல்கே அளந்தது அவளை இல்லையே.

வேறு வழிகளையும் யோசித்தேன். அதைத் திருடிவிடலாம். ஆனால் திருடிய துப்பாக்கியை யாரிடமும் காட்ட முடியாது. அதோடு திருட்டு என் குணத்தில் இல்லை. வெர்னாவின் கடையில் இருக்கிற துளையிடும் இயந்திரத்தைப் பழுதாக்கலாம். பழுது பார்க்க டாரிலைத்தான் கூப்பிடுவாள். திங்கட்கிழமைக்கு முன் கடையே தீப்பிடித்தால் என்ன என்றுகூட ஒரு நாள் தோன்றியது. ஆனால் அங்கே வேறு துப்பாக்கிகளும் இருக்கின்றன. அவை என்ன பாவம் செய்தன? இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுத்தது நான் என்றுகூடச் சொல்ல முடியாது. மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஹால்வரின் பண்ணைக்குப் பின்னால் உள்ள சரிவில் ஏறினோம். டாரில் துப்பாக்கியை இடது கையில், அந்த வெள்ளி தெரிகிற இடத்தில் பிடித்திருந்தான். விசைக்காப்பில் வெர்னாவின் சீட்டு ஆடிக்கொண்டே வந்தது. மான் இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியை எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தான், கடுகுச் சாந்து இல்லாமல். எனக்குக் கடுகு ஆகாது என்று எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருக்கிறான். ஓடையின் எதிர்க்கரையில் ஜூனிபர் புதர்கள் இருக்கின்றனவே, அவன் அங்கே உட்காருவது, நான் இந்தக் கரையில் உட்காருவது என்று ஏற்பாடு. பிரியும் நேரத்தில் ஈரப் பனி விழ ஆரம்பித்தது.

நான் சொன்னேன், "டாரில், இந்தப் பனி அந்த நீலப்பூச்சுக்கு ஆகாது. ஒரு மணி நேரத்துல துருப் புடிக்கும். எதையாவது சுத்து."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பையில் ரொட்டிதான் இருந்தது. கடைசியில், மானென்று நினைத்து யாரும் சுட்டுவிடாமல் இருக்கச் சட்டப்படி எல்லாரும் போட்டுக்கொள்கிறோமே, அந்த ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றித் துப்பாக்கியைச் சுற்றினான், குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி. உள்ளே அவனுடையது மான் தோல் நிறத்தில் ஒரு பழைய கோட்டு.

"இப்பத் திருப்தியா டாக்? புள்ளைக்குச் சட்ட போட்டாச்சு."

திருப்தி என்றேன். மேலங்கியை அவனாகவேதான் கழற்றினான் என்று உங்களிடம் அன்று சொன்னேன். அது உண்மைதான் என்பதை இப்போது பார்க்கிறீர்கள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினாலு வயதில் என் அப்பா எனக்கு ஒரு மானைக் காட்டினார். சுட்டேன். அது விழுந்த பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் ஏதோ விளக்கம் சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பது மாதிரி. அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. எனக்கு இளகிய மனசு, ஷெரிஃப். அது என் பலவீனம். ஆனால் இந்த ஊரில் வேட்டைக்குப் போகாதவனோடு யார் பேசுவார்கள்? ஆகவே போவேன். மானின் முதுகுக்கு ஒரு சாண் மேலே குறிவைத்துச் சுடுவேன். அது ஓடிப் பிழைக்கும், கடையில் எல்லாரும் சிரிப்பார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. கல்லூரியில் துப்பாக்கிக் குழுவில் முதல் ஆளாக இருந்தவன் நான். அந்தக் கோப்பைகள் பரணில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். ஒரு சாண், எப்போதும் அதே ஒரு சாண். அதற்கு எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்று ஓரினுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் நான் தவறாமல் தவறவிட்டவன்.

என்னுடையது தொழிற்சாலையில் வந்த சாதாரணத் துப்பாக்கி. அதில் தொலைநோக்கி உண்டு, பிறந்தபோதே துளைகளோடு பிறந்தது. அது இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள், அதில் பார்க்க ஒன்றுமில்லை. அதன் வழியாக எதிர்க்கரையைப் பார்த்தேன். டாரில் நன்றாகத் தெரிந்தான். ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். இடது கடைவாயில் மெல்லாமல் வலது பக்கமே மென்றான். அந்தப் பல்லை வந்து காட்டு என்று போன மாதமே சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. துப்பாக்கியை மேலங்கியோடு ஒரு ஜூனிபர் மேல் சாய்த்து வைத்திருந்தான். பனி சேரச் சேர ஒரு கையால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. இப்படிப் பார்த்துக்கொள்கிறவனா அதை அறுக்கப் போகிறான் என்று தோன்றியது. என் துப்பாக்கியை இறக்கிவிட்டேன். ஆனால் காற்று அடித்து, வெர்னாவின் சீட்டு மேலங்கிக்கு வெளியே வந்து சுழன்றது. திங்கட்கிழமை திங்கட்கிழமைதான்.

அவன் அந்தத் துப்பாக்கிக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தான். அதனால் காத்திருந்தேன். கை விறைக்கிற குளிர், இருந்தும் காத்திருந்தேன். கடைசியில் சிறுநீர் கழிக்கவோ என்னவோ அவன் எழுந்து பத்துப் பன்னிரண்டு எட்டு தள்ளிப் போனான். அங்கே பின்னால் வெறும் மண் சரிவு. துப்பாக்கிக்கு எந்த ஆபத்தும் இல்லை.

அப்போது சுட்டேன். ஒரு சாண் மேலே வைக்கவில்லை.

ஓடையைத் தாண்டி ஓடினேன். முதலில் மேலங்கியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு துளி ஈரமில்லை, ஒரு கீறல் இல்லை. பிறகு டாரிலிடம் போனேன். அவன் அதற்குள் போய்விட்டிருந்தான். உட்கார்ந்து அழுதேன். நீங்கள் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தது நடிப்பில்லை, அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் ஞானப் பற்களை நான்தான் எடுத்தேன். நல்ல பையன் என்று முன்பே சொன்னேன்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. எனக்கு வக்கீல்கூடத் தேவைப்படவில்லை. ஓரின் போதுமானவனாக இருந்தான். விசாரணையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "இந்த ஆளு இத்தன வருஷமா ஒரு முயலக்கூட அடிச்சதில்லைங்க. அடிச்ச ஒண்ணு இப்படியா அமையணும்." அன்றைக்குப் பிறகு அவன் என்னைப் பற்றி நகைச்சுவை சொல்வதில்லை. அது எனக்குக் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஊர் முழுக்க என் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பியது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட தட்டுகள், வாசலில் வரிசையாக. மார்னி வந்தாள். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஷெரிஃப், நான் அவளுடையதை இல்லை. "நீங்க வேணும்னா செஞ்சீங்க டாக்? அப்பா இருந்தா உங்களத்தான் மொதல்ல வந்து பாத்திருப்பார்," என்றாள். அவளுக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன். துப்பாக்கி எங்கே என்று கேட்க நினைத்தேன். அது முறையில்லை என்று விட்டுவிட்டேன். அலமாரியில் இருக்கும், இனி யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரங்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். மனசில் ஒரு பாரமும் இல்லை. இரக்கமில்லாதவன் என்று நினைக்காதீர்கள். டாரிலை நினைத்து வருத்தம் இருந்தது. ஆனால் ஒன்றைக் காப்பாற்றினோம் என்கிற திருப்தியும் இருந்தது.

ஆனால் நீங்கள் அந்தத் துப்பாக்கியை வெர்னாவிடம் கொடுத்திருக்கிறீர்கள். அதில் அவள் கடைச் சீட்டு தொங்கியதால் அவளிடம் கொடுத்தீர்கள். மார்னியின் வீட்டுக் கதவைத் தட்ட உங்களுக்கு மனசு வரவில்லை. அது நல்லெண்ணம். நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை.

நேற்று சனிக்கிழமை. எல்லாம் நடந்த பிறகு முதல் தடவையாகக் கடைக்குப் போனேன். ஓரின் எழுந்து கணப்புக்குப் பக்கத்து நாற்காலியை எனக்கு விட்டான். அந்த நாற்காலியை அவன் பாதிரியாருக்குக்கூட விட்டதில்லை. மார்னி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். வெர்னா உள்ளேயிருந்து அதைக் கொண்டுவந்தாள். போல்ட் திறந்திருந்தது.

"அவன் என்கிட்டக் கேட்ட கடைசி வேல," என்றாள் வெர்னா. "முடிச்சுக் குடுக்காம எனக்குத் தூக்கம் வரல."

மார்னி நன்றி சொல்லி வாங்கினாள். தோளில் வைத்தாள். கட்டை கச்சிதமாக அமைந்தது, கன்னம் அவள் அப்பா கன்னம் இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. தொலைநோக்கி வழியாக ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், தீவனக் கடைப் பலகையைப் பார்த்தாள்.

"எழுத்து தெரியுது வெர்னா," என்றாள். "சின்ன எழுத்துகூடத் தெரியுது." சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓரின் மூக்கைச் சிந்தினான்.

நான் தொலைநோக்கியின் காலடியைப் பார்த்தேன். நான்கு திருகாணிகள். கீற்றுகள் நான்கும் நான்கு திசையில் நின்றன. நான்கும் நான்கு திசையில், ஷெரிஃப்.

என் முகத்தைப் பார்த்து எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அழுதேன், அவர்கள் தங்களுக்குத் தெரிந்த காரணத்துக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். மார்னி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "போதும் டாக். டாரில் உங்கமேல கோவப்பட்டிருக்க மாட்டான்," என்றாள். வெர்னா மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அறுத்தெடுத்த அந்த ஓர் அங்குலத் துண்டு. தூக்கிப் போட மனசு வரவில்லையாம். எனக்கென்று எடுத்து வைத்தாளாம்.

இதோ, இதுதான். பாருங்கள், அந்த நரம்பின் வால் எப்படி வளைந்து போகிறது. எடுத்துப் பார்த்தால் பிறகு துணியால் துடைத்துவிடுங்கள். சாட்சியப் பொருள் என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடாதீர்கள், மரத்துக்கு வியர்க்கும். மேலே பேனாவால் எண் எழுதவும் வேண்டாம்.

மனசாட்சியா என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான், வேறென்ன இருக்க முடியும்? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த நான்கும்தான் தெரிகின்றன. இனி அது நேர்மையான துப்பாக்கி இல்லை, என்ன செய்தாலும் ஆகப்போவதில்லை. எங்கள் இருவரில் ஒருவராவது நேர்மையாக இருக்க வேண்டும் என்று விடிகாலையில் எனக்குத் தோன்றியது. உடனே எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். இப்படியொன்று நடந்துவிட்டது, அதற்கு யாராவது பொறுப்பு ஏற்க வேண்டும் அல்லவா.

என்ன கேட்டீர்கள்? டாரிலா?

ஆமாம். எழுதிக்கொள்ளுங்கள். டாரிலுக்காகவும்தான்.